முந்தி வந்த வைரஸ், பிந்தி வந்த பாக்டீரியா: 1918 இன்புளூயன்சா, ஒரு நிகழ்வு ஆய்வு

1918 செப்டம்பர் 23ஆம் தேதி, அமெரிக்க ராணுவம் அனுப்பிய மூன்று மருத்துவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டெவன்ஸ் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியை உருவாக்கிய வில்லியம் வெல்ச், மிச்சிகன் மருத்துவக் கல்லூரியின் தலைவர் விக்டர் வாகன், ராக்ஃபெல்லர் ஆய்வு மருத்துவமனையின் தலைவர் ரூஃபஸ் கோல். தொற்றுநோய் விஷயத்தில் அன்றைய அமெரிக்காவில் இவர்களைவிடப் பெரிய ஆட்களைத் தேடிப் பிடிப்பது கடினம்.

ஏறக்குறைய 35,000 பேருக்காகக் கட்டிய முகாமில் 45,000க்கும் மேற்பட்ட படைவீரர்கள் அடைந்து கிடந்தார்கள். ஐரோப்பியப் போர்முனைக்குக் கிளம்பத் தயாராக இருந்த இளைஞர்கள். முதல் நோயாளி வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். மருத்துவமனையின் தாழ்வாரங்களிலும் கட்டில்கள். முகம் நீலம் பாரித்து, இருமலில் ரத்தம் கலந்து, மூச்சுக்குத் திணறிச் சாகிற இருபது வயதுக்காரர்களை மூவரும் பார்த்தார்கள். பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் திறந்து பார்த்த நுரையீரல்கள் காற்றுக்குப் பதிலாக ரத்தம் கலந்த நீரும் சீழுமாகக் கனத்துப் போயிருந்தன. இது ஏதோ புதுவிதமான கொள்ளைநோயாக இருக்க வேண்டும் என்று வெல்ச் சொன்னதாக உடனிருந்த கோல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

காய்ச்சல் பழைய காய்ச்சல்தான், இன்புளூயன்சா, சுருக்கமாக ஃபுளூ. ஆனால் இன்புளூயன்சா எப்போதும் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் கொண்டுபோகும். இங்கே இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். உலகெங்கும் இந்த நோய் சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றிருக்கும் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அவர்களைக் கொன்றது எந்தக் கிருமி என்று கேட்டுக் கேட்டே மருத்துவ உலகம் பல ஆண்டுகளைச் செலவிட்டது. அந்தக் கேள்வியை ஒருமையில் கேட்டதுதான் சிக்கல் என்பது என் வாதம். இந்த நிகழ்வை ஒரு கிருமியின் வேலையாகப் பார்த்தால் அது கடைசிவரை புரியாது. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது, நடுவில் எத்தனை நாள் இடைவெளி என்று பார்க்கும்போதுதான் பிடிபடும்.

ஒரு நோய்க்கு ஒரு கிருமி

அந்த மருத்துவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ராபர்ட் கோக் காசநோய்க்கும் காலராவுக்கும் ஆளுக்கொரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்துக் காட்டியிருந்தார். ஒரு நோய்க்கு ஒரு கிருமி, அதைப் பிரித்தெடு, விலங்குக்குக் கொடு, அதே நோய் வருகிறதா பார், மறுபடி பிரித்தெடு: இந்த வழிமுறை அவர்களுக்கு வேதம்போல. கோக்கிடம் பயின்ற ரிச்சர்ட் பைஃபர் 1892இல் இன்புளூயன்சா நோயாளிகளின் சளியில் ஒரு சிறிய கோல்வடிவ பாக்டீரியாவைப் பார்த்து, இதுதான் அந்த நோயின் காரணம் என்று அறிவித்துவிட்டார். உலகமும் ஒப்புக்கொண்டது.

ஆகவே 1918இல் எல்லா ஆய்வுக்கூடங்களும் பைஃபரின் பாக்டீரியாவைத் தேடின. டெவன்ஸ் முகாமில் உடல்களைத் திறந்து பார்த்த நோயியல் வல்லுநர் பர்ட் வோல்பாக் அதைப் பலருடைய நுரையீரலில் கண்டார். வேறு முகாம்களில் கிடைக்கவில்லை. சில இடங்களில் நியூமோகாக்கஸ், சில இடங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில இடங்களில் ஸ்டெஃபைலோகாக்கஸ், பல உடல்களில் இரண்டு மூன்று சேர்ந்து. பைஃபரின் பாக்டீரியா வளர்ப்பதற்குச் சிரமமானது, ரத்தத்தில் இருக்கும் சில சத்துகள் இல்லாமல் வளராது. அதனால் கிடைக்காத இடத்தில் எல்லாம் ஆய்வுக்கூடத்தின் கைத்திறன் போதவில்லை என்று பழி போட்டுக்கொண்டார்கள். ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஆஸ்வால்ட் ஏவரி அதை எளிதாக வளர்க்கும் ஊடகம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். அப்புறம் அது இன்னும் அதிகமானவர்களிடம் கிடைத்தது. நோயே இல்லாத ஆட்களின் தொண்டையிலும் கிடைத்தது! குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

இதற்கிடையே துனிஸ் நகரில் சார்ல் நிக்கோலும் சார்ல் லெபாயியும் நோயாளிகளின் சளியை பாக்டீரியா புகமுடியாத வடிகட்டியில் வடிகட்டி, அந்த நீரை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் வந்தது. பாக்டீரியாவைவிடச் சிறியது ஏதோ இருக்கிறது என்று 1918 அக்டோபரிலேயே எழுதினார்கள். போஸ்டன் துறைமுகத் தீவில் அமெரிக்கர்கள் 60க்கும் மேற்பட்ட கடற்படை வீரர்களின் மூக்கிலும் தொண்டையிலும் நோயாளிகளின் சளியைத் தடவினார்கள், வடிகட்டிய நீரை விட்டார்கள், நோயாளிகளை முகத்துக்கு நேராக இருமவும் வைத்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. இப்படி ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் வந்துகொண்டிருந்தபோது யாரை நம்புவது?

என் கணக்கில் அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான கவனிப்பு ஆர்க்கன்சா மாநிலத்தின் பைக் முகாமில் நடந்தது. யூஜின் ஓபி, பிரான்சிஸ் பிளேக், ஜேம்ஸ் ஸ்மால், தாமஸ் ரிவர்ஸ் ஆகிய நால்வரும் இன்புளூயன்சாவை ஒரு படியாகவும், அதன்மேல் ஏறும் நிமோனியாவை இன்னொரு படியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். ஃபுளூவோடு வந்து சேர்ந்த ஒருவர், நெரிசலான வார்டில் பக்கத்துக் கட்டில்காரரிடமிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸை வாங்கிக்கொண்டு அதனால் சாகிறார் என்று அவர்கள் காட்டினார்கள். நோயைக் குணப்படுத்த வேண்டிய வார்டே இரண்டாவது கிருமியைக் கைமாற்றிவிடும் இடமாக இருந்தது. ஃபுளூவுக்கு முந்தைய மாதங்களில் டெக்சாசின் சாம் ஹூஸ்டன் கோட்டையிலும் இதே கதைதான் நடந்திருந்தது. அங்கே முதல் படி தட்டம்மை. அதன்மேல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியா. முதல் கிருமி வேறு, இரண்டாவது அதே வகை, முடிவும் அதே. இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இன்னும் பத்தாண்டு மிஞ்சியிருக்கும்.

அயோவாவின் பன்றிகள்

விடையின் முதல் பாதி பன்றிக் கொட்டிலிலிருந்து வந்தது. 1918 இலையுதிர் காலத்தில், மனிதர்களுக்கு ஃபுளூ வந்த அதே வாரங்களில், அயோவா மாநிலத்துப் பன்றிகளும் இருமின, மூக்கு ஒழுகின, காய்ச்சலில் படுத்தன. சீடர் ரேப்பிட்ஸ் நகரில் நடந்த பெரிய பன்றிக் கண்காட்சிக்குப் பிறகு அது பண்ணை பண்ணையாகப் பரவியது. ஜே. எஸ். கோயன் என்ற அரசு கால்நடை ஆய்வாளர், இது மனிதர்களுக்கு வந்த ஃபுளூவேதான் என்று அடித்துச் சொன்னார். பன்றி வளர்ப்பவர்களுக்குக் கோபம், இறைச்சி விற்காதே என்ற பயம். அவர் பின்வாங்கவில்லை.

பத்தாண்டு கழித்து, அயோவாவில் பிறந்து பிரின்ஸ்டனில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் விலங்குநோய்ப் பிரிவில் பணிசெய்த ரிச்சர்ட் ஷோப், தன் மூத்த ஆய்வாளர் பால் லூயிசுடன் சேர்ந்து அதே நோய் கண்ட பன்றிகளின் மூச்சுக்குழாய்ச் சளியை எடுத்து ஆராய்ந்தார். அதில் பைஃபரின் பாக்டீரியாவுக்கு நெருங்கிய உறவான ஒன்று தவறாமல் இருந்தது. சரி, இதுதான் காரணம் என்று தூய்மையாக வளர்த்து ஆரோக்கியமான பன்றிகளின் மூக்கில் விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. லூயிஸ் மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக்காகப் பிரேசில் போய், 1929இல் அதே நோயால் இறந்துபோனார். ஷோப் தனியே தொடர்ந்தார்.

அவர் அடுத்து செய்தது, சளியை வடிகட்டிப் பார்த்தது. பாக்டீரியா நீங்கிய அந்த நீரை மூக்கில் விட்டபோது பன்றிகளுக்கு மூன்று நான்கு நாள் லேசான சோர்வு, தீனியில் கொஞ்சம் வெறுப்பு, அவ்வளவுதான். பண்ணையில் பார்த்த நோய் இல்லை இது. பிறகு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். முழு நோயும் வந்தது. கடும் காய்ச்சல், வயிறு தூக்கிப்போடும் மூச்சிறைப்பு, நுரையீரலில் நிமோனியா, சில பன்றிகளுக்குச் சாவு. தனியாக விட்டால் ஒன்றும் செய்யாத பாக்டீரியாவும், தனியாக விட்டால் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும், வடிகட்டியைத் தாண்டி வந்த வைரஸும் கைகோத்தபோது ஒரு கொடிய நோய் உண்டானது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு, நான் மிகவும் மதிக்கும் நுட்பம். வடிகட்டிய நீரால் லேசாக நோயுற்றுத் தேறிய பன்றிகளுக்கு மறுபடி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் நோய் வரவில்லை. அப்படியானால் வைரஸைத் தடுத்தால் பாக்டீரியாவின் கையும் கட்டப்படுகிறது; வாசலைத் திறப்பது வைரஸ்தான். 1931இல் இவை வெளியாயின. இரண்டு ஆண்டு கழித்து லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் ஃபெரட் என்ற கீரியைப் போன்ற விலங்குக்கு மனித ஃபுளூவைக் கொடுத்து, அதன் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள்.

இங்கே மறுபடியும் பழைய பழக்கம் தலைதூக்கியது. வைரஸ் கிடைத்துவிட்டது, பாக்டீரியாவை விட்டுவிடலாம் என்று ஊசல் மறுபக்கம் போய்விட்டது. ஷோப் காட்டியது கூட்டு வேலை. உலகம் எடுத்துக்கொண்டது அதில் பாதியை. நாற்பதுகளில் பென்சிலினும் வந்துவிட்டதால் நிமோனியா ஒரு தீர்ந்த விஷயம்போல் ஆயிற்று. 1957இன் ஆசிய ஃபுளூவில் பென்சிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் நிமோனியா பலரைக் கொண்டுபோனபோது சிலர் மட்டும் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள்.

பனியிலிருந்தும் மெழுகிலிருந்தும்

அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் 1918 நவம்பரில் 80 பெரியவர்களில் 72 பேர் ஐந்தே நாளில் இறந்தார்கள். உறைமண்ணில் ஒரே குழியில் புதைத்தார்கள். 1951இல் அங்கே தோண்டிய யோஹான் ஹல்டின் என்ற இளம் ஆய்வாளருக்கு உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. 1997இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஊராரின் சம்மதத்தோடு மறுபடி போய்த் தோண்டி, ஒரு பெண்ணின் நுரையீரல் திசுவை ஜெஃப்ரி டாபன்பெர்கரின் குழுவுக்கு அனுப்பினார். ராணுவ நோயியல் நிறுவனத்தில் மெழுகில் பதித்துப் பாதுகாத்திருந்த 1918 திசுக்களும் சேர்ந்து கைகொடுக்க, 2005இல் அந்த வைரஸின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. அதே ஆண்டு டெரன்ஸ் டம்பே அட்லாண்டாவில் வைரஸை மறுபடி உயிர்ப்பித்தார். எலிகளின் நுரையீரலில், நான்கு நாளில், இன்றைய சாதாரண ஃபுளூ வைரஸைப் போல 39,000 மடங்கு பெருகியது அது. எந்த பாக்டீரியாவின் துணையும் இல்லாமல் எலிகளைக் கொன்றது.

அப்படியென்றால் பாக்டீரியா எதற்கு, வைரஸே போதுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1918இல் நோய் தொடங்கிய சில நாட்களிலேயே நுரையீரலில் நீரும் ரத்தமும் கோத்து இறந்தவர்கள் இருந்தார்கள், அவர்களை வைரஸே கொன்றிருக்கும். ஆனால் அவர்கள் சிறுபான்மை. 2008இல் டேவிட் மோரன்ஸ், டாபன்பெர்கர், ஆந்தனி ஃபௌச்சி மூவரும் 1918இல் இறந்த 58 பேரின் நுரையீரல் திசுவை மறுபடி சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதோடு அந்தக் காலத்தில் அச்சான 109 பிரேதப் பரிசோதனைத் தொகுப்புகளை, மொத்தம் 8,398 உடல்களின் விவரங்களை, படித்தார்கள். பெரும்பாலானவற்றில் பாக்டீரியா நிமோனியாவின் தடயம் தெளிவாக இருந்தது. அந்த பாக்டீரியாக்களும் அபூர்வமானவை அல்ல. நம் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும் நியூமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவைதான்.

தேதிகளும் அதையே சொல்கின்றன. 1918இல் இறந்தவர்களில் பெரும்பாலோர் காய்ச்சல் தொடங்கிய ஏழிலிருந்து பதினோரு நாளுக்குள் இறந்தார்கள். வைரஸ் உடலில் அடங்கத் தொடங்கும் காலம் அது. பலருக்குக் காய்ச்சல் தணிந்து, எழுந்து உட்கார்ந்து, ஆள் தேறிவிட்டான் என்று எல்லாரும் நிம்மதியான பிறகு மறுபடி குளிரும் காய்ச்சலும் நெஞ்சுவலியுமாகத் திரும்பியது.

அந்த ஒரு வாரத்தில் நடப்பது

அந்த இடைவெளியில் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்பது கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டில்தான் தெரிய வந்தது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிழைகள் காற்றில் நெற்கதிர் சாய்வதுபோல ஒரே திசையில் அசைந்து சளியையும் தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வைரஸ் அந்தச் செல்களுக்குள் புகுந்து பெருகி அவற்றைக் கொல்கிறது. தள்ளும் வேலை நின்றுபோகிறது. தினமும் தூக்கத்தில் தொண்டையிலிருந்து நுரையீரலுக்குள் கசியும் கொஞ்சம் பாக்டீரியா, வழக்கமாக வெளியேறிவிடுவது, இப்போது அங்கேயே தங்குகிறது.

அடுத்தது, வைரஸின் மேற்புறத்தில் இருக்கும் நியூராமினிடேஸ் என்ற நொதி. செல்களின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தை வெட்டிவிட்டு, புதிதாகப் பிறந்த வைரஸ்கள் ஒட்டிக்கொள்ளாமல் வெளியேற வழிசெய்வது அதன் வேலை. ஆனால் சியாலிக் அமிலம் போன பிறகு அதன் அடியில் மறைந்திருந்த, நியூமோகாக்கஸ் பற்றிக்கொள்ளும் இடங்கள் வெளியே தெரிகின்றன. வெட்டப்பட்ட சியாலிக் அமிலமும் வீணாவதில்லை. நியூமோகாக்கஸ் அதைத் தின்று பெருகுகிறது என்று 2014இல் எலிகளில் காட்டினார்கள். வைரஸ் தன் பிழைப்புக்காகச் செய்யும் ஒரு வேலை இன்னொரு உயிருக்கு இடமும் சாப்பாடும் ஆகிவிடுகிறது.

எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் கவலை தரும் பகுதி நம் உடலே செய்வதுதான். நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் எப்போதும் காவல் இருக்கும். வைரஸை விரட்டுவதற்காக உடல் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கிறது. வைரஸுக்கு எதிராக அது தேவை. ஆனால் அதே பொருள், மேக்ரோபேஜ்கள் பாக்டீரியாவைப் பிடிக்கப் பயன்படுத்தும் மார்கோ என்ற புரதத்தைக் குறைத்துவிடுகிறது என்று கெயீ சுன், டென்னிஸ் மெட்ஸ்கர் இருவரும் 2008இல் கண்டார்கள். வேறொரு குழு, சில வகை எலிகளில் ஃபுளூவுக்குப் பிந்தைய வாரத்தில் இந்த மேக்ரோபேஜ்களில் பத்தில் ஒன்பது பங்கு செத்துப்போவதைக் கண்டது. அதாவது உடல் ஒரு எதிரியை வென்றுகொண்டிருக்கும் அதே நாட்களில்தான் மற்ற எதிரிக்கு மிகவும் பலவீனமாக இருக்கிறது. ஏழாம் நாள் என்ற கணக்கு இங்கேதான் பொருந்தி வருகிறது.

மெம்பிஸ் நகரில் ஜொனத்தன் மெக்கல்லர்ஸ் 2002இல் வெளியிட்ட சோதனை இதை எல்லாரையும்விடத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எலிகளுக்கு முதலில் ஃபுளூ வைரஸ், ஏழு நாள் கழித்து நியூமோகாக்கஸ். இரண்டும் தனித்தனியாகக் கொல்லாத அளவில்தான் கொடுக்கப்பட்டன. எலிகள் அத்தனையும் செத்தன. பிறகு வரிசையை மாற்றினார்: முதலில் நியூமோகாக்கஸ், பின்னால் வைரஸ். இம்முறை எலிகள் காப்பாற்றப்பட்டன, வைரஸ் தாக்குதலைக்கூட மேலாகத் தாங்கின. அதே இரண்டு கிருமிகள், அதே வகை எலிகள். மாறியது வரிசை மட்டும். கோக்கின் வழிமுறையில் இப்படி ஒரு விடைக்கு இடமே இல்லை.

கிருமிகளுக்கு இடையே இருப்பது நட்பு என்று இதை வைத்து எண்ணிவிடக் கூடாது. மூக்கின் பின்புறத்தில் நியூமோகாக்கஸ் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து பைஃபரின் பாக்டீரியாவைக் கொல்கிறது. பைஃபரின் பாக்டீரியாவோ நம் வெள்ளணுக்களைத் தூண்டிவிட்டு நியூமோகாக்கஸைக் கொல்லவைக்கிறது. இடத்துக்கான சண்டை இது. அமைதியான காலத்தில் நியூமோகாக்கஸ் அங்கே ஒரு மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கிறது, அந்த நிலையில் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. ஃபுளூவும் அதனால் வரும் காய்ச்சலின் சூடும் சேதமான செல்களிலிருந்து கசியும் பொருட்களும் சேர்ந்து அதற்கு ஒரு சமிக்ஞை ஆகின்றன. படலத்தை விட்டுக் கிளம்பி, உள்ளே ஊடுருவும் குணத்தோடு பரவுகிறது. பஃபலோ நகரத்து ஆய்வாளர்கள் 2013இல் இதைக் காட்டினார்கள்.

உதவி ஒருவழிப்பாதையும் அல்ல. ஃபுளூ வைரஸ் செல்லுக்குள் நுழைய வேண்டுமென்றால் அதன் ஹீமாக்ளூட்டினின் புரதத்தை ஏதாவது ஒரு நொதி இரண்டாக வெட்ட வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸின் சில ரகங்கள் சுரக்கும் நொதி அந்த வெட்டைச் செய்துகொடுக்கிறது என்று 1987இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மறுபுறம், நம் உடலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்கள் ஃபுளூவுக்கு எதிரான எதிர்ப்பைக் கூர்மையாக வைத்திருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் கொடுத்து அவற்றை அழித்த எலிகள் ஃபுளூவை எதிர்க்கத் தடுமாறின என்று 2011இல் ஒரு ஆய்வு சொன்னது. சளி பிடித்த முதல் நாளே மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கும் நம் ஊர்ப் பழக்கத்தை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். வைரஸை அது ஒன்றும் செய்யாது, துணையாக இருக்கும் பாக்டீரியாவைத்தான் கொல்லும்.

தாங்கும் உடல்

இரண்டு கிருமிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆளை மறந்துவிடுவோம். நோய் யாருக்கு வருகிறதோ அவர். 1918இல் உலகிலேயே அதிக உயிர்களை இழந்த நாடு இந்தியா. ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கியது, செப்டம்பரில் கொடிய இரண்டாம் அலையாக ரயில்பாதை வழியே நாடெங்கும் போனது. குறைந்தது 1 கோடியே 20 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்கின்றன பெரும்பாலான மதிப்பீடுகள். அந்த ஆண்டு பருவமழை பொய்த்திருந்தது, தானிய விலை ஏறியிருந்தது, போருக்காக மருத்துவர்கள் வெளியே போயிருந்தார்கள். பம்பாய் மாகாணத்தோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் சாவு விகிதம் குறைவு, தெற்கே வர வர அலையின் வேகம் தணிந்திருந்தது. வைரஸ் ஒன்றுதான், ஆனால் பசித்த உடலுக்கும் பசிக்காத உடலுக்கும் ஒரே முடிவு வரவில்லை.

நூறாண்டு கழித்து இதே நாட்டில் இன்னொரு கூட்டுத்தொற்று நம் கண்முன்னே நடந்தது. 2021இல் கோவிட்டின் இரண்டாம் அலைக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை என்று மக்கள் அழைத்த மியூகார்மைகோசிஸ் வந்தது. ஜூன் மாத இறுதிக்குள் 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். பலருக்குக் கண்ணை எடுக்க வேண்டியிருந்தது, தாடை எலும்பை எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பூஞ்சை புதிதல்ல, மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருப்பது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் ரத்தத்தில் கட்டுண்டிருக்கும் இரும்பை விடுவித்துப் பூஞ்சைக்குத் தீனியாக்கியது, கோவிட்டுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு எதிர்ப்பை அடக்கிச் சர்க்கரையையும் ஏற்றியது. முதலில் வைரஸ், அப்புறம் சிகிச்சை, அதன் பின்னால் பூஞ்சை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் சர்க்கரை. இங்கும் வரிசைதான் பேசியது. ஸ்டீராய்டு பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. தேவையில்லாதவருக்கு, தேவையில்லாத நாளில், சர்க்கரையைப் பார்க்காமல் கொடுக்கப்பட்டபோதுதான் அது பூஞ்சைக்கு வழிவிட்டது.

இதை வைத்து என்ன செய்யலாம்

கூட்டணி என்பது தெரிந்துவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் உடைக்கலாம். இதற்கு ஆகச்சிறந்த சாட்சி தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் கிடைத்தது. ஷபீர் மாதி, கீத் குளுக்மன் இருவரும் 37,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட ஆய்வில் நியூமோகாக்கஸ் தடுப்பூசியைச் சோதித்தார்கள். தடுப்பூசி முழுமையாகப் போட்ட குழந்தைகளில், ஃபுளூ போன்ற வைரஸ்களோடு வந்து மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போன நிமோனியா 31 சதவீதம் குறைந்தது என்று 2004இல் அறிவித்தார்கள். பாக்டீரியாவுக்கு எதிரான ஊசி வைரஸ் நிமோனியாவைக் குறைத்தது! வைரஸ் நிமோனியா என்று எழுதிவைத்ததில் கணிசமான பங்கு உண்மையில் கூட்டு வேலை என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதும் இறந்த 77 பேரின் நுரையீரல் திசுவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிசோதித்தது. 22 பேரிடம் பாக்டீரியா இருந்தது, அதில் நியூமோகாக்கஸ்தான் அதிகம். ஆன்டிபயாட்டிக்கும் தீவிர சிகிச்சையும் இருக்கும் காலத்திலும் நான்கில் ஒருவருக்கு மேல்.

நம் நாட்டில் நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணை, அரசு மையங்களில் இலவசம். பைஃபர் கண்ட பாக்டீரியாவின் பி வகைக்கு எதிரான மருந்து ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசிக்குள் இருக்கிறது. அதை இந்தியாவில் முதலில் போடத் தொடங்கியவை 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும். தட்டம்மை ஊசியும் இதே கணக்கில் சேர்கிறது, அது போட்ட குழந்தை தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியாவிலிருந்தும் தப்புகிறது. இவற்றைத் தவறவிட்ட குழந்தை வீட்டிலோ தெருவிலோ இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூட்டிப்போங்கள். பெரியவர்கள் நிலை வேறு. ஃபுளூ ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் மருத்துவரைக் கேட்டு, பெரும்பாலும் சொந்தக் காசில்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், குறைந்தபட்சம் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும்.

ஃபுளூ வந்து தேறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நான்காம் நாளோ எட்டாம் நாளோ காய்ச்சல் மறுபடி ஏறினால், மூச்சு வாங்கினால், பச்சையாகவோ துரு நிறத்திலோ சளி வந்தால், பழைய காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆன்டிபயாட்டிக் பயன்படும் நேரம் அதுதான், தாமதித்தால் அந்தப் பயனும் குறைந்துபோகும். போகும்போது மூன்று தேதிகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: காய்ச்சல் எப்போது தொடங்கியது, எப்போது விட்டது, எப்போது திரும்பியது.